பலா மரத்தடியில் நின்ற தண்ணீர்

அக்டோபர் 19

மொட்டை மாடியில் வைத்த அளவுக் குடுவையில் காலை ஆறு மணிக்கு 41 மில்லிமீட்டர்.

இந்த வருஷம் மழை அதிகம் என்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் எல்லாவற்றையும் எழுதிவைத்தே பழகிவிட்டேன். மரங்களுக்கும் எழுதி வைத்தால் எது எப்போது வாடியது, அதற்கு என்ன செய்தேன் என்று அடுத்த வருஷம் புரட்டிப் பார்க்கலாம். அதற்காகத்தான் இந்த நோட்டு. வேறு எதற்கும் இல்லை.

கொல்லையில் இருப்பவை: எலுமிச்சை இரண்டு, கொய்யா ஒன்று, மாதுளை ஒன்று, சப்போட்டா ஒன்று, ஒட்டு மா ஒன்று, சுவரோரம் பப்பாளி மூன்று. பப்பாளி தானாக முளைத்தது. மற்றதெல்லாம் பின் வீட்டுச் சவரிமுத்து அண்ணன் கொடுத்த கன்றுகள். சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். ஒட்டுக் கட்டினால் பத்தில் ஒன்பது பிடிக்கும். அவர் இறந்து மூன்று வருஷம் ஆகிறது.

கோடையில் மரத்தடியில் அணைத்திருந்த மண்ணை எல்லாம் இன்று விலக்கிவிட்டேன். தண்டை ஒட்டித் தண்ணீர் நின்றால் பட்டை அழுகும்.

அக்டோபர் 24

63 மி.மீ. பப்பாளி ஒன்று சாய்ந்தது. இழுத்தேன், வேர் கையோடு வந்துவிட்டது. அழுகல் நாற்றம்.

என் கணவருக்கு முழங்கால் வலி அதிகம். தோட்டத்துக்கு வரவேண்டாம் என்றேன். கேட்காமல் ஸ்டூலைப் போட்டுப் பின்வாசலில் உட்கார்ந்துகொண்டு நான் வாய்க்கால் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் ஆழம், மாவிலிருந்து எலுமிச்சை வரை, அங்கிருந்து வீட்டுப் பக்கவாட்டு வழியாகத் தெருச் சாக்கடைக்கு. முடிக்க மூன்று நாள் ஆயிற்று. அறுபத்தொரு வயதில் மண்வெட்டி பிடிப்பது சுலபமில்லை.

அக்டோபர் 29

மழை விட்டது. பட்டை அழுகலுக்கு மருந்தாக மயில்துத்தமும் சுண்ணாம்பும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, ஒன்றாக்கி, எல்லா மரத்துக்கும் தண்டில் இரண்டடி உயரத்துக்குப் பூசினேன். கரைசலில் கத்தியை நனைத்துப் பார்த்தேன். துரு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். படியவில்லை. இந்தச் சோதனையும் சவரிமுத்து அண்ணன் சொல்லிக் கொடுத்ததுதான்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். அமலோற்பவம் அக்கா, சவரிமுத்து அண்ணனின் மனைவி, மழையில் குடையோடு பூக்கூடை தூக்கிக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் பேருந்துக்குப் போனார். நான் வண்டிக்காரரிடம் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் வெண்டைக்காயைப் பார்த்தேன்.

27 மி.மீ.

நவம்பர் 8

குடுவையைப் பார்க்க மாடிக்குப் போனபோது பின் வீட்டுப் பலா கண்ணில் பட்டது. தெற்குக் கிளையில் இலைகள் மஞ்சள். மற்றக் கிளைகள் பச்சைதான்.

நவம்பர் 12

118 மி.மீ. கெடிலம் ஆற்றில் கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் போகிறதாம்.

என் வாய்க்கால் நன்றாக வேலை செய்கிறது. மழை விட்ட ஒரு மணி நேரத்தில் கொல்லை வடிந்துவிட்டது. மாதுளையில் பிஞ்சுகள் கொட்டியதைத் தவிரச் சேதம் இல்லை. சந்தோஷமாக இவரிடம் சொன்னேன். இவர் தேநீரை ஆற்றிக்கொண்டே, அந்தப் பக்கத்துத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டார்.

அவர்கள் தெருவிலும் சாக்கடை இருக்கிறதே என்றேன்.

இருக்கிறது. ஆனால் நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது. எங்கள் வீடு கிழக்குத் தெருவைப் பார்த்தது, அவர்களுடையது மேற்குத் தெருவை. கொல்லையும் கொல்லையும் ஒட்டியிருக்கின்றன. அவர்கள் கொல்லைத் தண்ணீர் மேடேறி அவர்கள் தெருவுக்குப் போகாது. முன்பெல்லாம் எங்கள் கொல்லை வழியாகத்தான் வரும். இப்போது நடுவில் சுவர் இருக்கிறது.

நவம்பர் 13

சுவர் கட்டியது ஆடுகளுக்காக. அதை இங்கே குறித்துவைக்கிறேன். அந்தப் பக்கக் காலி மனையிலிருந்து ஆடுகள் வந்து எலுமிச்சைத் துளிரை மேய்ந்தன.

இவரிடம் ஞாபகப்படுத்தினேன். ஒரே ஒரு தடவை ஒரே ஒரு ஆடு வந்தது என்றார்.

நவம்பர் 18

எலுமிச்சைத் தண்டில் பிசின் வடிகிறது. கத்தியால் சுரண்டி, நல்ல பட்டை தெரியும்வரை எடுத்துவிட்டு, மருந்து பூசினேன். இரண்டாவது மரத்துக்கு ஒன்றும் இல்லை. 52 மி.மீ.

மாடியிலிருந்து பார்த்தால் பின் வீட்டுக் கொல்லை குளமாகக் கிடக்கிறது. பலாவின் அடியில் ஆறு நாளாகத் தண்ணீர் நிற்கிறது. பலா அதைத் தாங்காது. கொய்யா தாங்கும், சப்போட்டா கொஞ்சம் தாங்கும், பலாவுக்கு வேரில் காற்றுப் போகவேண்டும். மஞ்சள் இப்போது பாதி மரத்துக்கு வந்துவிட்டது. உடனே தண்ணீரை வடித்துவிட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. யாராவது அக்காவிடம் சொல்லவேண்டும்.

நவம்பர் 19

சொல்லவில்லை.

நவம்பர் 21

76 மி.மீ.

இவர் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், சுவர் கட்டியபோது ஏழுமலை அடியில் மூன்று ஓட்டை விட்டிருந்தாரே என்றார். ஏழுமலை எங்களுக்குக் கொத்து வேலை செய்கிறவர். ஆமாம், விட்டிருந்தார். ஒரு ஓட்டை வழியாகச் சாரைப் பாம்பு வந்தது, அடைக்கச் சொன்னேன். சாரைப் பாம்பு விஷமில்லாதது என்று இவர் சொன்னார். எனக்கும் தெரியும்.

ஓட்டை வழியாக அந்த வீட்டுச் சத்தம் கேட்டது. அக்கா தனியாக ஜெபம் சொல்வது தெளிவாகக் கேட்கும்.

நவம்பர் 23

காய்கறி வண்டிக்காரர் சொன்னார்: பின் தெரு டீச்சரம்மா வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது, சமையல்கட்டில் கணுக்கால் அளவு. மூன்று நாளாகக் காய்ச்சல் என்று வாசலுக்கே வரவில்லையாம். அக்காவைத்தான் சொல்கிறார். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர்.

எழுதாமல் விட்டால் நடக்காதது ஆகிவிடாது. எழுதுகிறேன்.

மூன்றரை வருஷத்துக்கு முன்னால், சித்திரையில், ஒரு சாயந்திரம். அப்போது சுவர் கிடையாது. என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. புடவை எடுக்கப் போகவேண்டும், வாசலில் ஆட்டோ நிற்கிறது. பின்வாசலைப் பூட்டப் போனேன். சவரிமுத்து அண்ணன் நாலாய் மடித்த காகிதத்தோடு கொல்லை வழியாக வந்தார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். கொஞ்ச நாளாகக் களைப்பாக இருக்கிறது, அவராகவே போய் எடுத்திருக்கிறார், டாக்டரிடம் காட்டவில்லை. நீ பார்த்துச் சொல்லு கனகா, நீ சொன்னா டாக்டர் சொன்ன மாதிரி என்றார்.

ஹீமோகுளோபின் 8.9, பதிமூன்றாவது இருக்கவேண்டும். ஈ.எஸ்.ஆர். 92, இருபதைத் தாண்டக்கூடாது.

இரண்டு எண்ணும் கண்ணில் பட்டன. அறுபத்துநாலு வயது ஆணுக்கு ரத்தம் அந்த அளவு குறைந்தால் எங்கேயோ கசிகிறது என்றுதான் அர்த்தம், எங்கே என்று தேடவேண்டும். லேபில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்தது இது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். “வயசாச்சுல்ல அண்ணே, ரத்தம் கொஞ்சம் கம்மி. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடுங்க” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பயந்துகிட்டே இருந்தேன், இவகிட்டகூடச் சொல்லல, இனி சொல்லவே வேணாம் என்று காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

நாலு மாதம் கழித்து வலி தாங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குடலில் புற்று. ஐந்து வாரத்தில் போய்விட்டார்.

அடக்கத்தன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திருந்தா முன்னாடியே தெரிஞ்சிருக்குமா கனகா? நீ பக்கத்திலேயே இருந்தியே, எனக்குக் கேக்கத் தோணலியே” என்று அழுதார். நான் கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஏழுமலையை அழைத்துச் சுவர் கட்டச் சொன்னது அதற்கு அடுத்த மாதம்.

நவம்பர் 24

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று காலையில் நோட்டை எடுத்தேன். கிழிக்கவில்லை. இவரிடம் நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று நினைத்தேன். நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏழுமலை போன் நம்பர் என்னிடம் இருக்கிறது என்றார்.

89 மி.மீ.

நவம்பர் 26

மழையில் வேலைக்கு வர முடியாது என்கிறார் ஏழுமலை. விட்டதும் வருகிறாராம். இரண்டாவது பப்பாளியும் போயிற்று.

நவம்பர் 28

மழை தூறலாகக் குறைந்தது. ஏழுமலை கடப்பாரையோடு வந்தார். ஓட்டைகளைத் திறக்கவேண்டும் என்றேன். மழைக்கோட்டுக்குள்ளிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானம்மா அடைக்கச் சொன்னீங்க. தண்ணி போக வழி வேணும்னு அன்னிக்கே சொன்னேன்.”

“சொன்னீங்க. நான் கேக்கல” என்றேன்.

முதல் ஓட்டை திறந்ததும் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கறுத்துப்போன, அழுகிய இலை நாற்றம் அடிக்கும் தண்ணீர். மூன்றையும் திறந்தபிறகு என் வாய்க்கால் கொள்ளவில்லை. மாதுளைப் பாத்தி மூழ்கியது, பிசின் வடிந்த எலுமிச்சையைச் சுற்றி ஒரு முழம் ஏறியது. ஏழுமலை ஒரு ஓட்டையைச் சாக்கால் அடைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நாலு மணி நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. என் கொல்லை வழியாகப் போகிற தண்ணீரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு நாளாக இது அந்த மரத்தடியில் நின்றிருக்கிறது. பிறகு அந்த வீட்டுக்குள் போயிருக்கிறது. அரை நாள் வேலைதான்.

நவம்பர் 29

அக்கா வீட்டுக்குப் போனேன். தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக. கொல்லை வழியே பத்தடி வைத்தால் போய்விடுகிற வீடு, சுற்றிப் போக ஏழு நிமிஷம் ஆகிறது.

கதவு திறந்தே இருந்தது. தரையெல்லாம் சேறு. ஃப்ரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார். கட்டில் காலுக்கும் செங்கல். கட்டிலில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். இளைத்துவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

“தண்ணி வடியுது. நீதான் தொறந்தியா?” என்றார்.

ஆமாம் என்றேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். சித்திரை, சாயந்திரம், ஆட்டோ, காகிதம், இரண்டு எண்கள், முருங்கைக்கீரை. எதையும் விடவில்லை. அழுதுகொண்டு சொல்லக்கூடாது என்று முடிவு செய்து போயிருந்தேன். அதை மட்டும் காப்பாற்றினேன்.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஈரச் சுவரைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“அந்தக் காகிதம் அவரு துணிப் பெட்டி அடியில இருந்துச்சு. துணியெல்லாம் எடுக்கும்போது பாத்தேன், அவரு போனப்புறம். அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்குப் புரியல. உன்கிட்ட காட்டிக் கேக்கலாம்னு வச்சிருந்தேன். நீ சுவரைக் கட்டிட்ட.”

மன்னிச்சிடுங்க அக்கா என்றேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

“நீ ஏன் கட்டினேன்னு எனக்குத் தெரியாது. உன் தங்கச்சி பொண்ணுக்கு அப்பத்தான் கல்யாணம் முடிஞ்சிருந்துச்சு, விருந்துன்னு வீட்டுக்கு வரப் போக இருந்தாங்க. தாலி இல்லாதவ கொல்லையில நின்னா அவங்க கண்ணுல படுவாளேன்னு மறைப்பு கட்டிட்டியோன்னு நெனச்சேன். மூணு வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன், கனகா.”

நான் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு எண்ணம் அவருக்கு வந்திருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. என் குற்றத்தை மறைக்கத்தான் சுவர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரித் தெரியும் என்று யோசிக்கவே இல்லை.

“நாலு மாசம் முன்னாடி தெரிஞ்சிருந்தா அவரு பொழைச்சிருப்பாரா?” என்று கேட்டார்.

“தெரியல அக்கா. பொழைச்சிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது.”

“எனக்கும் தெரியல. அதுக்கு உன்னைக் கோவிச்சுக்கணுமா வேணாமான்னும் தெரியல. ஆனா நீ வந்து உக்காரலைங்கறது எனக்குத் தெரியும். ராத்திரி தனியாப் படுத்திருக்கறது நான்தானே.”

பிறகு தலை சுற்றுகிறது, படுக்கப் போகிறேன் என்றார். வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். தரையைத் துடைத்துவிட்டு வந்திருக்கலாம். தெரு திரும்பியபிறகுதான் அது தோன்றியது.

டிசம்பர் 1

துடைப்பமும் பினாயிலும் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தார். சமையல்கட்டையும் கூடத்தையும் கழுவித் தள்ளினேன். கஞ்சி வைத்தேன். பாதி குடித்தார். 

டிசம்பர் 5

34 மி.மீ. பலா இலையைக் கொட்டுகிறது. பழுத்து விழுந்தால் பரவாயில்லை. பாதி பச்சையாக, சுருண்டு, காம்போடு விழுகிறது.

இன்றும் கஞ்சி கொண்டுபோனேன். காய்ச்சல் விட்டிருந்தது. ஓசூரில் இருக்கும் மகன் ஜெரோம் அழைத்துப்போக வருகிறான் என்றார். எத்தனை நாளுக்கு என்று கேட்டேன். சொல்லவில்லை.

டிசம்பர் 10

ஜெரோம் காரோடு வந்தான். சின்ன வயதில் என் எலுமிச்சை மரத்தில் கை கீறிக்கொண்டு அழுதவன், இப்போது முன்தலை வழுக்கை. போவதற்கு முன் எங்கள் வாசலுக்கு வந்து கொல்லைக் கதவின் சாவியை என் கையில் கொடுத்தான். “அம்மா மரத்துக்குன்னு குடுக்கச் சொன்னாங்க” என்றான். வீட்டுச் சாவி இல்லை, கொல்லைக் கதவுச் சாவி மட்டும்.

அக்கா காரிலேயே இருந்தார். நான் கிட்டே போனேன். கண்ணாடியை இறக்கவில்லை. மழைத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை.

டிசம்பர் 13

97 மி.மீ. இந்த வருஷம் விடாது போலிருக்கிறது. ஆனால் இரண்டு கொல்லையும் வடிகின்றன. வாய்க்காலை இன்னும் ஒரு அடி அகலப்படுத்தினேன். என் எலுமிச்சை, அந்தப் பிசின் வடிந்தது, செத்துவிட்டது. முப்பது வருஷத்து மரம். இவர் வருத்தப்பட்டார். எனக்கு அதற்கு வருத்தப்படத் தெரியவில்லை.

டிசம்பர் 18

அந்தக் கொல்லைக்குள் போய் நாள் முழுக்க வேலை. சேற்றை வழித்து அகற்றினேன். கொய்யாவின் அழுகிய காய்களைப் பொறுக்கிக் குழியில் போட்டேன். சப்போட்டாவின் தண்டுக்கு மருந்து பூசினேன். பலாவின் பட்டையை நகத்தால் கீறினேன். பச்சையாக இருக்கவேண்டிய இடம் பழுப்பு. இன்னும் மேலே ஏணி வைத்துக் கீறினேன். அங்கேயும் பழுப்பு.

அந்த மரத்துப் பழத்தை வருஷா வருஷம் அண்ணன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டி, ஒரு முறம் சுளை எங்களுக்கு அனுப்புவார். சுவர் கட்டிய முதல் வருஷமும் அக்கா ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினார். வீட்டில் யாருக்கும் ஆகாது என்று திருப்பி அனுப்பினேன்.

டிசம்பர் 25

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜனவரி 4

ஏழு நாளாகக் குடுவை காலி. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மொத்தம் 1,386 மி.மீ. கூட்டி எழுதிவிட்டேன், பழைய பழக்கம்.

கொய்யாவில் இரண்டு பக்கமும் துளிர். மாதுளையில் ஒன்றிரண்டு பூ. பலாவின் கிளைகள் மொட்டையாக நிற்கின்றன. காகம் உட்கார்ந்தால் சுள்ளி ஒடிகிறது.

ஜனவரி 15

பொங்கல். இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி அக்காவின் கொல்லைவரை வந்தார். பலாவைத் தட்டிப் பார்த்தார். சர்க்கரைப் பொங்கலைக் கொடுக்க அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஜனவரி 22

காலை பதினோரு மணிக்குப் போன் அடித்தது. அக்கா.

எப்படி இருக்கிறீர்கள் என்றேன். இருக்கிறேன் என்றார். மூன்றாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது, கீழே இறங்கினால் சிமெண்டுத் தரைதான் என்றார். பின்னால் டி.வி. சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்:

“மரமெல்லாம் எப்படி இருக்கு?”

‘நல்லா இருக்கு அக்கா, பலா துளிர்த்துரும்’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. எத்தனை சுலபமாக வருகிறது. சொன்னால் அவர் குரல் எப்படி மாறும் என்றுகூடத் தெரியும்.

“கொய்யா பொழைச்சிருச்சு. சப்போட்டா இன்னும் ஒரு மாசம் பாத்தாத்தான் தெரியும். பலா போயிடுச்சு அக்கா. பட்டையைக் கீறிப் பாத்தேன், உச்சிவரைக்கும் காஞ்சிருக்கு. பத்து நாள் முன்னாடி ஓட்டையைத் தொறந்திருந்தா ஒருவேளை நின்னிருக்கும்.”

டி.வி. சத்தம் நின்றது. வைத்துவிட்டார் என்று நினைத்துக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இணைப்பில்தான் இருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“வெட்டிடு. காத்தடிச்சா வீட்டு மேல சாயும். நான் அங்க இருந்தா வெட்ட விடமாட்டேன், இப்பவே வெட்டிடு” என்றார்.

சரி என்றேன்.

திரும்பி வருவீர்களா என்று கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அவரும் சொல்லவில்லை. வைத்துவிடப் போகிறார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன சமையல்?” என்றார்.

“கத்திரிக்காய் போட்டுப் புளிக்குழம்பு.”

“அண்ணனுக்குப் புளி ஆகாதே. நெஞ்செரியுதும்பாரே.”

இவருக்கு ஆகாதுதான். கொஞ்சமாகத்தான் கரைத்திருக்கிறேன் என்றேன். மோர் நிறைய ஊற்று என்றார். எண்ணெய் பிரிந்து வரும்வரை கொதிக்கவிடு, பச்சை வாசனை இருந்தால்தான் எரிச்சல் அதிகம் என்றார். சரி என்றேன். அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஆனாலும் குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வரும்வரை நான் போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.